மழைக்கு முதுகு காட்டிய தும்பிக்கை

ஆகஸ்ட் 19

இல்லை, காற்றுக்குழாய்க்கு உயரம் மட்டும் போதாது. வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, உள்ளே வந்துவிட்ட தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், குழாயில் எத்தனை இணைப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு இறுக்கம். இவ்வளவும் இருக்கிறது. வேலுவிடம் இதைச் சொன்னபோது அவன் ஜீப்பில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தான். சரி என்றான். அவன் சரி என்றால் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தமில்லை. கை வேலையாக இருக்கிறது என்று அர்த்தம்.

பின்னால் படிக்கும்போது எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக: எங்கள் ஜீப் பழைய டீசல் வண்டி. எஞ்சின் மூச்சு இழுக்கும் வாய் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. போன ஐப்பசியில் மஞ்சளோடையைக் கடக்கும்போது அந்த வாய் தண்ணீரைக் குடித்துவிட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துபோனது. ஆளுக்கு ஒன்றுமில்லை. வேலு நீந்தி வந்தான். வண்டி தை மாதம்வரை வத்தலக்குண்டு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதுவரை இந்த மலைமேல் ஈட்டிக்காட்டிலிருந்து கீழே போக ஒரே வழி நடை.

இந்த ஐப்பசிக்குள் அந்த வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று குழாய் விற்கிறார்கள். ஸ்நார்க்கல் என்று பெயர்.

ஏன் இத்தனை அவசரம் என்று எழுதவில்லை. குனிந்தால் தெரிகிறது. ஐந்தாம் மாதம்.

ஆகஸ்ட் 21

சிக்னல் கிடைக்கும் பாறையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசினேன். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீடு. முதல் பிரசவம் அங்கேதான். இதை எல்லோரும் சொல்வதால் அம்மா சொல்ல வேண்டியதே இல்லை. தேதி மட்டும் சொன்னாள்.

பிரசவம் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் என்பதில் எனக்குச் சண்டை கிடையாது. அதற்கு முந்தைய மாதங்கள் யாருடையவை என்பதுதான். வளைகாப்புக்குப் பிறகு இறங்கினால் மறுபடி ஏறிவர பங்குனி ஆகிவிடும். காப்பி பழுப்பதைப் பார்க்க முடியாது. வேலுவைக் கல்யாணம் செய்து இது இரண்டாவது வருடம், போன அறுவடை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் பாதி நாள் வண்டி இல்லாத கவலை.

கடைசி மாதம்வரை இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"ஓடை எந்திரிச்சுருச்சுன்னா யாரு வருவா? ஹெலிகாப்டரா?"

"வண்டி வரும்மா."

"போன வருசம் வந்துச்சா?"

பாறை சூடாக இருந்தது. ஒரு பச்சோந்தி என்னைப் பார்த்துவிட்டு நிறத்தை மாற்றாமலே போனது.

ஆகஸ்ட் 30

துவைத்தது காயவில்லை. எல்லாவற்றிலும் புகை வாசனை. நான் படித்த தத்துவத்தில் காற்று ஒரு மூலப்பொருள், நீர் ஒரு மூலப்பொருள். இரண்டும் ஒரே குழாயில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பாடத்திலும் இல்லை.

செப்டம்பர் 2

மாதாந்திரப் பரிசோதனைக்கு வத்தலக்குண்டு. எல்லாம் சரியாக இருக்கிறது. கால் வீக்கம் இல்லை. ரத்தம் கொஞ்சம் குறைவு, மாத்திரை கொடுத்தார்கள்.

பிறகு சாதிக் பாயின் ஒர்க்‌ஷாப். போன வருடம் எங்கள் எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தவர் அவர். கேட்டதும் உள்ளே போய் டிராக்டரின் காற்றுக்குழாய்த் தலை ஒன்றை எடுத்து வந்தார். காளான் மாதிரிக் குடை. காற்று கீழ்ப்பக்கத்திலிருந்து போகும், மழை குடைமேல் விழும். இதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்றார். அது ஏன் இத்தனை நாள் விற்காமல் கிடந்தது என்று வேலு கேட்டான். நல்ல பொருள் நல்ல ஆளுக்காகக் காத்திருக்கும் என்றார் பாய். மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

மதியம் அம்மா வீட்டில் சாப்பாடு. அம்மா மே மாதம் தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அப்பா போய் ஆறு வருடம். வீடு ரொம்பச் சுத்தமாக இருந்தது. யாரும் புழங்காத சுத்தம். மூன்று பேருக்கு ஐந்து வகைக் கறி.

வேலுவை எப்படிக் கூப்பிடுவது என்று அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. பெயர் சொல்வதில்லை. மாப்பிள்ளை என்றும் சொல்வதில்லை. "இந்தாங்க" என்பாள். இந்தாங்க, ரசம். இந்தாங்க, மோர். அவனும் வாங்கிக்கொள்வான்.

நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேருவேன் என்று அவள் நினைத்திருந்தாள். நான் ஜீப்பில் ஏறினேன். அந்த ஜீப்பில் அவள் இதுவரை ஏறவில்லை. மலைக்கும் வந்ததில்லை. முட்டி வலி என்பாள்.

செப்டம்பர் 8

காளானை மாட்டுவதற்கு முன் வேலு சொந்தமாக ஒன்று செய்து பார்த்தான். வீட்டுக்குத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் குழாய். உச்சியில் வளைவு வைத்து வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பினான், கைத்தடி மாதிரி. யோசனை சரிதான். பொருள்தான் சரியில்லை. தாண்டிக்குடி ஏற்றத்தில் எஞ்சின் சூட்டுக்குக் குழாய் இளகி, வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது தலை தொங்கியிருந்தது.

பக்கத்து வீட்டில் பாண்டியம்மா மதினி. வேலுவின் அக்கா. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

"என்னடா வேலு, தும்பிக்கையத் தொங்கப் போட்டு நிக்கிது. அதுக்கு ஒரு வாழப்பழம் குடு, எந்திரிக்கும்."

வேலு சிரிக்கவில்லை. நான் உள்ளே போய்ச் சிரித்தேன். வயிறும் சேர்ந்து சிரித்ததுபோல் இருந்தது. முதல் அசைவு என்று இதைத்தான் சொல்கிறார்களா தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் வேலுவிடம் சொன்னேன். அப்போது அவன் சிரித்தான்.

செப்டம்பர் 13

காளான் தலை ஐந்து நாள் இருந்தது. இன்று பலாக்கிளை அதைப் பறித்துக்கொண்டது. கூரையைவிட ஒரு முழம் உயரம். இந்தப் பாதையில் அந்த உயரம் முழுக்கக் கிளைகள்தான். பாயிடம் உடைந்த குடையைக் கொடுத்தால் கிளையைத்தான் குறை சொல்வார்.

ஆகவே: கூரையைத் தாண்டக் கூடாது. கூரைக்குச் சமமாக.

செப்டம்பர் 15

மாத்திரை சாப்பிட்டேன். சேனைக்கிழங்கு மசியல். தூறல்.

செப்டம்பர் 20

பெரியம்மா மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், வண்டிப் பைத்தியம். அவன் ஒரு வீடியோ அனுப்பினான். கூம்பு வடிவ ஃபில்டர், பளபளப்பு, மூடியே கிடையாது. எஞ்சின் நன்றாக மூச்சு விடும், சத்தம் சிங்கம் மாதிரி இருக்கும் என்கிறான். அது உட்காரும் இடம் பம்பருக்குப் பின்னால். அதாவது ஓடைக்குள் முதலில் இறங்குவது அதுதான். தலைக்கு ஒரு துணி உறை தருகிறார்களாம், மழைக்கு. கோயம்புத்தூர் ரோட்டுக்குச் சரி. இங்கே சிங்கம் தேவையில்லை.

பாறையில் உட்கார்ந்து தேடித் தேடி இரண்டுக்கு வந்து நிற்கிறேன். இரண்டும் எங்கள் ஜீப் மாதிரிக்கென்றே அச்சில் வார்த்தவை.

முதலாவது இரண்டு துண்டு, நடுவில் பசை. வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தேன். மூன்றாவது மழைக்காலத்தில் பசை விடுகிறது. தலை எத்தனை உயரத்தில் இருந்தால் என்ன, இடுப்பில் விரிசல் இருந்தால் எஞ்சின் அதன் வழியாகக் குடிக்கும்.

இரண்டாவதில் குழாய் ஒரே துண்டு, தலை மட்டும் தனி, ஒரு வளையத்தில் மாட்டுவது. தலை முன்பக்கம் பார்க்கிறது, ஓடும்போது காற்றை வாங்க. அப்படியானால் மழையையும் வாங்குமே. அதற்குத்தான் தலையின் பின்புறச் சுவரில் மூன்று கீறல்கள். உள்ளே வரும் துளி நேராகப் பின்சுவரில் மோதி, கீறல் வழியாக வெளியே வடிந்துவிடும். காற்று மட்டும் வளைந்து கீழே இறங்கும். துளிக்கு வளையத் தெரியாது. அழகாக இருக்கிறது இந்த யோசனை. நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது. வேலுவிடம் சொன்னேன். கையில் வேலை எதுவும் இல்லாதபோது கேட்டுவிட்டுச் சரி என்றான்.

செப்டம்பர் 28

பெட்டி தாண்டிக்குடிவரை வந்துவிட்டது. வேலு அதை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். பின்னால் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். முன்னாடி யாருடா விருந்தாளி என்று மதினி கேட்டாளாம். உன் தும்பிக்கைதான் என்றானாம்.

செப்டம்பர் 30

பானெட்டின் பக்கத் தகட்டில் ஓட்டை போட வேண்டும். உள்ளங்கை அகலம். வேலு சாக்பீஸால் வட்டம் போட்டான். துளைக்கும் மெஷினை எடுத்தான். வைத்தான். டீ குடித்தான். வட்டத்தை அழித்து மறுபடி போட்டான். இந்த வண்டியை வாங்கியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. நான் சமையலறைக்குள் போனேன். சத்தம் வந்து, நின்றது. வெளியே வந்தபோது வெட்டிய தகட்டு வட்டம் அவன் சட்டைப்பையில் இருந்தது. எறியவில்லை.

குழாய், ரப்பர் ஹோஸ், வளையங்கள், திருகாணிகள். கடைசியில் சோதனை. இதை நான்தான் படித்து வைத்திருந்தேன்: எஞ்சினை ஓடவிட்டு மேல் வாயை உள்ளங்கையால் மூட வேண்டும். எஞ்சின் நின்றால் குழாய் நல்ல குழாய். ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ வேறு வழியில் மூச்சு விடுகிறது.

வண்டிமேல் ஏறாதே என்றான். வாசல் ஓரக் கைப்பிடிச் சுவர் பக்கம் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். சுவர்மேல் நின்றால் எட்டியது. மதினி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூடினேன். எஞ்சின் நிற்கவில்லை. திக்கித் திக்கி ஓடியது.

ஹோஸின் அடி வளையம் தளர்வு. இறுக்கினான். மறுபடி.

இப்போது வாய் என் உள்ளங்கையைப் பற்றியது. இவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. உறிஞ்சியது. விடவில்லை. பிறகு மொத்த வண்டியும் ஒரு குலுக்கு குலுக்கி அமைதியானது. கையை எடுத்தபோது நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

இரவு சாப்பிடும்வரை அது இருந்தது.

அக்டோபர் 4

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீறல், ஹோஸ், உள்ளங்கை. மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கும் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டாள். பின்னணியில் அவள் வீட்டு மின்விசிறி.

"சரி. வளைகாப்ப அங்கனயே வைப்போம். மழ பெய்யிறன்னிக்கி அந்த வண்டி வந்து என்னய ஏத்திக்கிட்டு ஓடயத் தாண்டட்டும். நானே ஒக்காந்து பாக்குறேன். தாண்டுச்சுன்னா நீ கடைசி மாசம் வரைக்கும் அங்க இரு. தாண்டலன்னா வளகாப்பு முடிஞ்சதும் பேசாம எங்கூடக் கெளம்பிறணும்."

"நீ வர்றியா? முட்டி?"

"முட்டிய நான் பாத்துக்குறேன்."

வேலுவிடம் சொன்னேன். மழை பெய்கிற அன்றைக்கேவா என்றான். அன்றைக்குத்தான் என்றேன். எழுந்துபோய் டயர்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. வேலு விடிவதற்கு முன்பே வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு நடந்து போனான், வாழைக்கன்று வெட்டிவர. மற்றது எங்கள் பொறுப்பு. பொரி, சுண்டல், அரிவாள், மண்வெட்டி, மிளகு ஏணி, என் பேனா. மதினி பேனாவையும் வைக்கச் சொன்னாள், அதுவும் ஆயுதம்தானே என்று.

ஜீப்புக்குச் செவ்வந்தி மாலை. விளக்குகளுக்குப் பொட்டு. ஸ்டீயரிங்குக்குப் பொட்டு. இந்த வருடம் தும்பிக்கைக்குத் தனி மரியாதை. தும்பிக்கை என்று ஊரே கூப்பிட ஆரம்பித்த பிறகு அதைச் சும்மா விட முடியாது என்றாள் மதினி. ஒரு சின்ன அருகம்புல் மாலை கட்டினாள்.

முன்பக்கம் வாய், பொட்டு வைக்க இடமில்லை. பின்பக்கம் வழவழப்பான தகடு. அதில் மூன்று கீறல், படுக்கைவாட்டில், ஒன்றன்கீழ் ஒன்று. பட்டை போடுவதற்கென்றே விட்ட இடம் மாதிரி. சந்தனத்தில் திருநீறு குழைத்துக் கெட்டியாக. மூன்று பட்டை, நடுவில் குங்குமம். பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது.

எனக்குச் சாமி இல்லை என்று மதினிக்குத் தெரியும். சுண்டல் கிண்ணத்தை நீட்டினாள்.

அக்டோபர் 13

நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. நல்ல சந்தனம்.

வேலு வண்டி துடைக்கப் போனான். பூஜைப் பொட்டை அதுவாகப் போகும்வரை கழுவக் கூடாது என்று மதினி துணியைப் பிடுங்கிக்கொண்டாள். வெயில் நன்றாக அடிக்கிறது.

அக்டோபர் 19

வானம் வெறிச்சென்று இருக்கிறது. தண்ணீர் வராமலிருக்க இத்தனை ஏற்பாடு செய்துவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். வளைகாப்பு 27. அதற்குள் ஒரு மழை வேண்டும். ஆனால் அளவான மழை.

காப்பிச் செடிகளில் காய் இன்னும் பச்சை. ஒன்றிரண்டு மட்டும் வெட்கப்பட்ட மாதிரி.

அக்டோபர் 24

மழை. அளவில்லை.

அக்டோபர் 26

காலை. வேலு அம்மாவைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டான். போகும்போது ஓடையில் தண்ணீர் வண்டியின் படிக்கட்டுவரைதான் என்று அக்கரையிலிருந்து விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டினான். எங்கள் ஏற்பாடு அது.

அதிரசத்துக்கு மாவு. புளியோதரைக்குப் புளி. மதினி வளையல்களைப் பிரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம். இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். மழை நேராகப் பெய்யவில்லை, மலைக்கு மேலிருந்து கீழே சாய்ந்து அடிக்கிறது. ஏறிவருகிற வண்டிக்கு அது நேர் முகத்தில். கீறல்கள் இருக்கின்றன. துளி பின்சுவரில் மோதி வடிந்துவிடும். வடிந்துவிடும்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு நகக்கண்ணைப் பார்த்தேன்.

பிறகு மதினியிடம், பூஜை முடிந்து இத்தனை நாளாகியும் வண்டிப் பொட்டு போயிருக்காதா என்று கேட்டேன். அது எங்கே போகும், கல்லு மாதிரி இருக்கு என்றாள்.

கையிலிருந்த மாவைக் கழுவினேன். குடை எடுத்தேன். இந்த வயிற்றோடு எங்கே என்று மதினி வாசலை மறித்து நின்றாள். நான் உட்கார்ந்தேன்.

மாலை. வந்துவிட்டார்கள்.

சத்தம்தான் முதலில். ஓடை இறக்கத்தில் கியர் மாற்றும் சத்தம், பிறகு அந்த நீளமான, சீரான மூச்சு. நிற்கவே இல்லை. வளைவில் விளக்கு தெரிந்தது. வண்டி வாசலுக்கு வந்ததும் நான் பார்த்தது தும்பிக்கையை. தலை திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வாய் பின்பக்கம் பார்க்க, மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அம்மா இறங்கினாள். புடவை முழங்கால்வரை சேறு. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அம்மாவை அவிழ்ந்த தலையோடு நான் பார்த்தது குறைவு. அவள் என்னைப் பார்ப்பதற்கு முன் திரும்பி, "மாப்ளே, அந்தப் பைய நனையாம எடுங்க" என்றாள்.

வேலு ஒரு நொடி யாரைச் சொல்கிறாள் என்று தேடினான்.

நடந்ததை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஓடைக்கு முந்தைய ஏற்றத்தில் வண்டி இருமியது. புகை. நின்றுவிட்டது. ஓடையில் இல்லை, ஏற்றத்தில். வேலு பானெட்டைத் திறந்து காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரின் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றினால் எண்ணெய்க்கு அடியில் தண்ணீர். மேலிருந்துதான் வந்திருக்கிறது. எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. அம்மா இறங்கிக் குடை பிடித்துக்கொண்டு சுற்றிவந்திருக்கிறாள். அந்தப் பின்பக்கத்துப் பட்டை எதற்கு என்று கேட்டிருக்கிறாள். வேலு ஏறித் தொட்டுப் பார்த்தால் மூன்று கீறலும் சுவர் பூசியது போல அடைத்திருக்கின்றன. உள்ளே வந்த மழைக்கு வெளியே போக வழியில்லாமல் குழாயில் இறங்கிவிட்டது.

ஸ்க்ரூ டிரைவர் கீறலுக்குள் போகவில்லை. அம்மா தன் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். ஒன்று வளைந்ததும் இன்னொன்று. அவன் குத்த, அவள் குடை பிடிக்க. கடைசியில், எல்லாம் சரி, இது எதற்கு மழையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், திருப்ப முடியாதா என்று அம்மா கேட்டாளாம். ஒரே ஒரு வளையம்தான். தளர்த்தித் திருப்பி இறுக்கினான். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினான். வண்டி கிளம்பியது.

ஓடையில் தண்ணீர் பானெட் உயரத்துக்கு வந்ததாம். அம்மா கண்ணை மூடவில்லையாம். இதை அவளே சொன்னாள், இரண்டு முறை.

அது யார் பூசியது என்று ஏற்றத்தில் நிற்கும்போதே கேட்டாளாம். நான்தான் அத்தை என்றானாம் வேலு.

பூஜையன்று காலை அவன் வாழைக்கன்று வெட்டப் போயிருந்தான்.

அக்டோபர் 27

வளைகாப்பு. கண்ணாடி வளையல் இரண்டு கையும் நிறைய. பேனா பிடித்தால் சத்தம் போடுகிறது. ஆகவே கொஞ்சம்தான்.

மதினி முதல் வளையலைப் போட்டாள். அம்மா கன்னத்தில் சந்தனம் தடவும்போது ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு நான் கேட்டேன். வண்டி ஏற்றத்தில் நின்றது, ஆனால் ஓடையைத் தாண்டியது. அப்படியென்றால் நான் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?

அம்மா அடுப்படியில் புளியோதரை மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்தான். கிரேஸ் மார்க் போட்டு."

பிறகு, திரும்பாமலே:

"அவருக்குப் பொய் சொல்ல வரலடி. அந்தப் பட்டைய நான் கிட்டத்துல பாத்தேன். கோட்டுக்கு வெளிய ஒரு நூலு போகல. நாலாங்கிளாஸ்ல நீ கலர் அடிக்கிற மாதிரியே இருந்துச்சு."

நான் அடுப்பைப் பார்த்தேன். தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. விறகைத் தள்ள வேண்டிய தேவை இல்லை. தள்ளினேன்.

அக்டோபர் 28

மழை விட்டுவிட்டது. அம்மா விடியற்காலையில் எழுந்து மதினியோடு காப்பித் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு வந்தாள். முட்டியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, காப்பி இப்படி இனிக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்றாள். இந்த இரண்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.

அவள் குளிக்கப் போனபோது ஈரப் பையைக் காயவைக்க எடுத்தேன். மூன்று நாளைக்கென்று வந்தவளின் பை. தைலம். பிரஷர் மாத்திரை, பொங்கல்வரை போதும். ஸ்வெட்டர். வத்தலக்குண்டு வீட்டின் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டதாக நேற்று மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடியில், பிளாஸ்டிக் உறை சுற்றி, ஒரு சொட்டு நனையாமல், அவளுடைய தலையணை. வேறு தலையணையில் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு ராத்திரிக்குப் போகிற இடத்துக்கு அதை அவள் எடுத்துப் போனதில்லை. வேண்டாமென்று கையையே தலைக்கு வைத்துப் படுப்பாள்.

அப்படியென்றால் வண்டி ஓடையைத் தாண்டியிருக்காவிட்டாலும், அம்மா இங்கே தங்கத்தான் கிளம்பியிருக்கிறாள்.

முழுதாக யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன்.

வேலு கீறல்களைத் துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாழைத்தார் ஏற்றப் போனான். வாசலில் வெயில். வண்டி அங்கேயே நிற்கிறது, வாய் பின்பக்கம் பார்த்தபடி.

பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் மேல் ஏறி மூன்று கீறலையும் தேய்த்துக் கழுவினேன். பிறகு உள்ளே வந்து அம்மாவின் தலையணைக்குப் புது உறை போட்டேன்.